நடுவில் ஒரு காலி சீட்

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா சார்?" என்று கேட்டாள் கவுன்டர் பெண்.

அவளுடைய முகக்கவசத்தில் பெரிய சிரிப்பு ஒன்றை அச்சடித்திருந்தார்கள். பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. அதற்கு மேலே இருந்த கண்கள் இரண்டும் விடியற்காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தன. ஊழியர் சிரிக்காவிட்டாலும் துணியாவது சிரிக்கட்டும் என்று அந்த மலிவு விமானக் கம்பெனியில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

"ஆமாம்மா, ஒரே குடும்பம்தான். முப்பத்தோரு வருஷமா," என்றார் ஸ்கேல் வாத்தியார்.

அது அவர் பெயரில்லை. பள்ளிக்கூடத்தில் தேர்வு நடத்தும் பொறுப்பு அவருடையது. தேர்வுக்கு முதல் நாள் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே அளந்து சாக்பீஸால் கோடு போடுவார். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம், யார் கூடாது என்று இருபத்தாறு வருஷமாக அவர்தான் முடிவு செய்கிறார். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது சக ஆசிரியர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

"அப்ப உங்களுக்குப் பதினாலு ஏ, மேடத்துக்குப் பதினாலு பி. சி-ல இன்னொருத்தர் வருவாரு."

"இன்னொருத்தரா? நடு சீட்டைக் காலியா விடணும்னு உத்தரவு இருக்கேம்மா?"

"அது முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு சார். அவங்களுக்கு நடுவுல ஒரு சீட் காலி விடுவோம். நீங்க குடும்பம். குடும்பம்னா ஒரு யூனிட்."

"சி-ல வர்றவர் எங்க யூனிட்டா?"

"இல்ல சார்."

"அவர் முன்ன பின்ன தெரியாதவர்தானே? அவருக்கும் என் மனைவிக்கும் நடுவுல என்ன இருக்கு?"

பெண் கணினியைப் பார்த்தாள். மேலேயும் கீழேயும் உருட்டிப் பார்த்தாள்.

"கைப்பிடி இருக்கு சார்."

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? வாசலிலிருந்து கவுன்டர் வரைக்கும் தரையில் மஞ்சள் வட்டங்கள். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் ஆறடி. கட்டைவிரல் வட்டத்தைத் தாண்டினாலும் விசில் அடிக்க ஒரு காவலர். இத்தனை கூத்தும் முடிந்து உள்ளே போனால், ஒன்றரை அடி அகல சீட்டில் தோளோடு தோள் ஒட்டி இரண்டரை மணி நேரம். நோய்க்கிருமி என்ன, மஞ்சள் வட்டத்தில் மட்டும் வேலை பார்த்துவிட்டு விமானத்துக்குள் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருமா?

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்றோடு இருபத்திரண்டு நாள். போனில் பார்த்ததுதான். அந்தப் பச்சை மண்ணைத் தூக்கத்தான் இவ்வளவு பாடும். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாத மலிவு டிக்கெட். பக்கத்து சீட்காரன் இருமுவதை வாங்கிக்கொண்டு போய்ப் பேத்தியிடம் கொடுத்துவிட்டால்?

இருபத்தாறு வருஷம் சீட் போட்ட மூளை வேலை செய்தது.

"ஒரு நிமிஷம்மா. அவசரத்துல தப்பா சொல்லிட்டேன். இவங்க என் குடும்பம் இல்ல."

பின்னாலிருந்த வட்டத்தில் நின்ற மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"முப்பத்தோரு வருஷம்னு சொன்னீங்களே சார்?"

"அது நான் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தோரு வருஷம்."

"ரெண்டு பேர் அட்டையிலயும் ஒரே தெரு போட்டிருக்கே?"

"ஒரே தெருதான். நிறைய பேர் இருக்காங்க அந்தத் தெருவுல."

"கதவு எண்ணும் ஒண்ணா இருக்கு."

வாத்தியார் அட்டையை எட்டிப் பார்த்தார். பொய்க்கு ஒரு கதவு திறந்தால் கதவு எண்ணையும் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எங்க வீட்லதான் குடியிருக்காங்க. வாடகைக்கு."

மனைவியின் தலை மெல்லத் திரும்பியது. அவள் தபால் நிலையக் கவுன்டரில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள். வரிசையை மீறி நடுவில் நுழைகிறவர்களை அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"அப்படியா மேடம்?" என்று கேட்டாள் கவுன்டர் பெண்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். வீட்டு ஓனராச்சே," என்றாள் மனைவி.

டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தது. அம்மாவுக்கு மகள் எடுத்து அனுப்பியிருந்தாள். இவர் தன் டிக்கெட்டைத் தானே எடுத்தார். ஆகவே கணினிக்கு ஆட்சேபணை இல்லை. பெண் இரண்டு படிவங்களை நீட்டினாள். வாத்தியார் சட்டைப் பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடி மனைவியின் கைப்பையில் இருந்தது. அவருடைய போனும் பிரஷர் மாத்திரையும் அதே பையில்தான். வீட்டைவிட்டுக் கிளம்பினால் அவர் கையை வீசிக்கொண்டு நடப்பார். மற்றதெல்லாம் அவள் பையில் வரும். கண்ணாடி இல்லாமலேயே கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

மனைவி தன் படிவத்தை முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் படித்தாள். அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தாள்.

"'கீழ்க்கண்ட பயணிக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, இது பொய்யென்று தெரிந்தால் நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.' நல்லா யோசிச்சுத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க? போட்டா போட்டதுதான்."

"போட்டாச்சு மேடம்," என்றார் வாத்தியார், கண்ணைக் காட்டி.

அவள் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

வாத்தியார் கிட்டே போய், "பேத்திக்காகத்தான்..." என்று கிசுகிசுக்கப் போனார். விசில் அலறியது.

"ஆறடி சார்! ஆறடி!"

ஆறடி தள்ளி நின்று ரகசியம் பேச யாரால் முடியும்? சரி, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அடுத்தது பெட்டி.

"இந்தப் பெட்டி யாரோடது?"

"எங்க... என்னோடது," என்றார் வாத்தியார்.

"இருபத்தி நாலு கிலோ இருக்கு. ஒருத்தருக்குப் பதினஞ்சுதான் சார்."

"ரெண்டு பேருக்கு முப்பது ஆச்சேம்மா?"

"குடும்பம்னா சேர்த்துக்கலாம். நீங்கதான் குடும்பம் இல்லியே."

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். "மேடம், உங்ககிட்ட பெட்டி எதுவும் இல்ல போலிருக்கு. கொஞ்சம் சாமான் உங்க பேர்ல..."

மனைவி சுவரைக் காட்டினாள். அங்கே சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. "'அறிமுகம் இல்லாதவர் தரும் பொருளை வாங்காதீர்.' படிச்சவங்க நீங்களே இப்படிக் கேக்கலாமா சார்?"

ஆக, வாத்தியார் தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தார். கவுன்டரிலேயே ஒரு கைப்பை விற்றார்கள், விமானக் கம்பெனி பெயர் போட்டது. வீட்டில் பரண்மேல் அதுபோல் எட்டுப் பை கிடக்கிறது. வாங்கித் தொலைத்தார். கையில் கொண்டுபோக அனுமதிக்கிற ஏழு கிலோவை அதற்குள் திணித்தார். மீதி இரண்டு கிலோவை என்ன செய்ய? மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஸ்வெட்டரும் அதற்கு மேலே கோட்டும் மாட்டிக்கொண்டார். கோட்டுப் பை நிறையக் குழந்தையின் காலுறைகள்.

அடுத்த வட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனைவி சொன்னாள்: "சார், அந்தப் பச்சை ஸ்வெட்டர் லேடீஸ் ஸ்வெட்டர். பட்டன் அந்தப் பக்கம் வரும்."

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் ஒரு பெண் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினாள். அது கீ என்று கத்தியது.

"நூறு காட்டுது. காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா, கோபம்."

"கோபத்துக்கெல்லாம் இது கத்தாது சார். போய் ஃபேனுக்குக் கீழ உட்காருங்க."

கால் மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவரைக் கடந்து போனாள். போகும்போது, "உடம்பைப் பாத்துக்கோங்க சார்," என்றாள். சொன்ன விதம் அப்படி. வாத்தியாருக்கு இன்னும் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

கருவி ஒருவழியாக அடங்கியதும் கைப்பையை அலசினார்கள். சோதனை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கறாரான ஆள்.

"இந்தப் பையை நீங்களே அடுக்கினீங்களா?"

முப்பத்தோரு வருஷத்தில் அவர் கைபட்ட முதல் பை இதுதான், அதுவும் கைக்கு வந்ததைப் பார்க்காமல் அள்ளித் திணித்தது. ஆனாலும், "நானேதான்," என்றார்.

"உள்ள என்னென்ன இருக்கு?"

"துணிமணி... குழந்தைக்கு வேண்டியது..."

அதிகாரி ஒரு சாமானை வெளியே எடுத்தாள். பிளாஸ்டிக் புனல், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாய் முனையில் ஒரு சின்ன மோட்டார். "இது என்ன?"

வாத்தியார் அதை உற்றுப் பார்த்தார். ஜென்மத்தில் பார்த்ததில்லை. மகளுக்கென்று மனைவி வாங்கியது. எப்போது வாங்கினாள், எதற்கு வாங்கினாள், ஒன்றும் தெரியாது. குழாய் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. மாணவர்கள் விடை தெரியாத கேள்விக்கு எழுதுவது மாதிரி, தெரிந்ததை வைத்து எழுதினார்.

"மீன் தொட்டிக்குக் காத்து அடிக்கிறது."

அதிகாரி அவரைப் பார்த்தாள். புனலைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"சார், நான் ரெண்டு பிள்ளை பெத்தவ. இது தாய்ப்பால் எடுக்கிற மெஷின்."

பின்னால் நின்ற ஏழு வட்டங்களும் சிரித்தன. அப்புறம் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு பொருளையும் தூக்கித் தூக்கிக் காட்டி, "இது என்ன, இது எதுக்கு?" என்று கேட்டாள். வாத்தியார் பதினெட்டுக் கேள்வியில் நாலுக்குத்தான் சரியான விடை சொன்னார். பாஸ் மார்க் வராவிட்டாலும், குண்டு வைக்கும் அளவுக்கு இந்த மனிதருக்கு விவரம் போதாது என்று புரிந்துகொண்டு அனுப்பிவிட்டாள்.

விமானத்தில் பதினாலாவது வரிசையைப் பார்த்ததும் வாத்தியாருக்கு உயிர் வந்தது. ஜன்னலோரம் ஏ-யில் மனைவி. ஓரத்தில் சி-யில் அவர். நடுவில் பி. காலி! இத்தனை அவமானமும் இந்த ஒரு காலி சீட்டுக்காகத்தான். ஸ்கேல் இருந்தால் அளந்தே பார்த்திருப்பார்.

"பாத்தியா? எப்படி?" என்றார் மெதுவாக.

மனைவி ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானப் பணிப்பெண் வந்தாள். அவள் கவசத்திலும் அதே சிரிப்பு. "வணக்கம். இந்த நடு சீட் இப்போதைக்குத்தான் காலி. வெயிட்டிங்ல ஆள் இருக்காங்க. இது கடைசி வரைக்கும் காலியா இருக்கணும்னா நிம்மதிக் கட்டணம் கட்டணும்."

"என்ன கட்டணம்?"

"நிம்மதிக் கட்டணம் சார்."

"ஒண்ணும் இல்லாத சீட்டுக்கு எதுக்கும்மா கட்டணம்?"

"ஒண்ணும் இல்லாம வச்சிருக்கறதுக்குத்தான் சார்."

வாத்தியார் பொங்கிவிட்டார். "ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஊரே நோயில கிடக்கு. சோப்பு போட்டுக் கை கழுவுங்கன்னு ரேடியோல கத்துறாங்க. நீங்க காலியிடத்தை வித்துக் காசாக்குறீங்க! நாளைக்கு மூச்சுக்கும் மீட்டர் வைப்பீங்க! நான் கட்ட மாட்டேன். சல்லிக்காசு கட்ட மாட்டேன்!"

"நான் கட்டுறேன்," என்றாள் ஜன்னலோர மனைவி, கைப்பையைத் திறந்து.

வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான் என்று நினைத்துக்கொண்டு, கழற்றிய கோட்டை எடுத்து நடு சீட்டில் வைத்தார்.

"சார், எடுத்துடுங்க," என்றாள் பணிப்பெண். "இந்தக் காலியிடம் மேடத்தோடது."

மனைவி தன் கைப்பையை நடு சீட்டில் வைத்து, அதற்குப் பெல்ட்டும் மாட்டிவிட்டாள். வாத்தியார் கோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மாத்திரை போட வேண்டும். காலையிலிருந்து ஏறிய கோபத்துக்கு இரண்டாகவே போடலாம். மாத்திரை அந்தப் பைக்குள். வாத்தியார் செருமினார்.

"மேடம்."

மனைவி முன் சீட்டில் செருகியிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் படித்தாள்.

"மேடம், உங்க பையில ஒரு மாத்திரை அட்டை இருக்கும்..."

"என் பையில என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"இந்தா, விளையாடாத. தலை சுத்துது," என்று அவரே பெல்ட்டை அவிழ்த்துப் பையின் ஜிப்பைத் திறந்தார்.

மனைவி தலைக்கு மேலே இருந்த பொத்தானை அழுத்தினாள். பணிப்பெண் ஓடி வந்தாள்.

"இவர் என் பைக்குள்ள கைய விடுறார்ம்மா," என்றாள் மனைவி. முப்பத்தோரு வருஷத்தில் அவள் இவ்வளவு நிதானமாகப் பேசி அவர் பார்த்ததில்லை. காலையில், நாலு பேர் பார்க்க, ஒரு வார்த்தை கேட்காமல் தன்னை வாடகைக்காரி ஆக்கின வயிற்றெரிச்சல் அவளுக்கு. இவருக்குச் சோறாக்கி, துணி துவைத்து, போன் முதல் மாத்திரை வரை சுமந்ததற்குக் கிடைத்த பட்டம் அது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "இது என் பொண்டாட்டி! என் மாத்திரை! என் போன்! என் கண்ணாடி!"

பணிப்பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். "உறவு இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார். மேடம், இவர் உங்களுக்கு யாரு?"

"வீட்டு ஓனர்னு கவுன்டர்ல சொன்னாரு."

"வாடகை பாக்கியோ என்னமோ. அதுக்கு இப்படியா பையில கை வைப்பாங்க?" என்றது முன் வரிசை.

தூக்கிக்கொண்டு போகாத குறையாக வாத்தியாரைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே. இருந்தது நடு சீட் மட்டும்தான். ஜன்னலோரம் ஒரு பருமனான பெரியவர். இந்தப் பக்கம் ஒரு பருமனான அம்மாள். இருவரின் முழங்கையும் அவருடைய இரண்டு விலாவிலும் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டை எடுத்துக்கொண்டு, மீதியை வாத்தியாரின் மூக்குக்கு முன்னால் அந்தப் பக்கம் நீட்டினாள். பெரியவர் வாங்கிக்கொண்டு, "உனக்குத் தண்ணி வேணுமா?" என்றார்.

வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தது. "நீங்க ரெண்டு பேரும்...?"

"யாருன்னே தெரியாது," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பிறகு பெரியவர் இரண்டு முறை இருமினார்.

இறங்கும்போது வரிசை வரிசையாகத்தான் இறங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கடைசி வரிசை கடைசியில். வாத்தியார் வெளியே வந்து, மறுபடியும் மஞ்சள் வட்டங்களில் நின்று, சுகாதாரக் கவுன்டரை எட்டிப் பார்த்தபோது, மனைவி வீட்டுக்குப் போக அனுமதிக்கும் பச்சைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தாள். திரும்பியும் பார்க்கவில்லை.

சுகாதார அதிகாரி பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். "எந்த வீட்டுக்குப் போறீங்க?"

வாத்தியார் மகள் வீட்டு முகவரியைச் சொன்னார்.

"அந்த வீட்டுக்கு இப்பத்தான் ஒரு அம்மா பதிஞ்சுட்டுப் போனாங்க. ஒரு வீட்டுக்கு வெளியூர்லேருந்து ஒரு குடும்பம்தான் போகலாம். ரெண்டு குடும்பம் கலக்கக் கூடாது. நீங்க அரசு விடுதில ஏழு நாள் தனியா இருந்துட்டு அப்புறம் போங்க."

ஏழு நாளா! பத்து நாளில் ஏழு போனால்? வாத்தியார் கவுன்டர்மேல் சாய்ந்தார். "அய்யா, அது என் மக வீடு. போன அம்மா என் மனைவி."

அதிகாரி விமானக் கம்பெனி அனுப்பிய தாளைப் புரட்டினார். "உறவில்லைன்னு இங்க கையெழுத்து இருக்கு. உங்களோடதா?"

"என்னோடதுதான். ஆனா..."

"இங்க பாருங்க. அவங்க உங்க மனைவின்னா இது பொய்க் கையெழுத்து. உங்களோடதும் பொய், அவங்களோடதும் பொய். ரெண்டு பேருக்கும் ஏழு நாள் விடுதி. இன்னும் வண்டி கிளம்பியிருக்காது. அவங்களையும் கூப்பிட்டுரவா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்குது."

வாத்தியார் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். வெளியே வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. எதில் அவள் இருக்கிறாள் என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. கூப்பிடச் சொல்ல நாக்கு துடித்தது. பைக்குள் கையை விடுகிறார் என்று சொன்னாளே! அனுபவிக்கட்டுமே!

ஆனால் அந்த எட்டு வருஷமும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மகளோடு அலைந்தவள் அவள். அவர் ஸ்கேலோடு அலைந்தார்.

"வேணாம் சார்," என்றார். "அவங்க எங்க வீட்ல வாடகைக்கு இருக்காங்க. அவ்வளவுதான்."

விடுதி, பூட்டிக் கிடந்த ஒரு கல்லூரியின் மாணவர் விடுதி. "ஒரு அறைக்கு ஒரு ஆள். குடும்பம் கிடும்பம்னு எதுவும் இங்க கிடையாது," என்று சொல்லி அறையைக் காட்டினார் காவல்காரர். கதவில் எண்ணை ஒட்டியிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஏதோ மாணவன் கொட்டை எழுத்தில் கிறுக்கிய ஒரு சூத்திரம். அதுவும் தப்பு. வாசலில் சாப்பாடு வைக்க ஒரு ஸ்டூல். நாலு பக்கமும் யாரும் கிடையாது. அவர் வாழ்நாளில் போட நினைத்த மிகச் சிறந்த தேர்வு ஹால் இதுதான். எழுதத்தான் ஒன்றும் இல்லை.

வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து வரிசையாகத் திட்டினார். விமானக் கம்பெனியைத் திட்டினார். கைப்பிடியைத் திட்டினார். இருமின பெரியவரைத் திட்டினார். மனைவியைத் திட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். இந்நேரம் அவள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். போன் இருந்தாலாவது பார்க்கலாம். மகள் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா என்றால், அதுவும் மனைவிக்குத்தான் தெரியும். கடைசியில், இவ்வளவுக்கும் காரணமான அந்த முட்டாளைத் திட்ட ஆரம்பித்தார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

மூன்று மணி வாக்கில் கதவைத் தட்டினார்கள். காவல்காரர்தான். ஸ்டூலில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துவிட்டு ஆறடி பின்னால் போய் நின்றார்.

பைக்குள் பிரஷர் மாத்திரை அட்டை. மூக்குக் கண்ணாடி. அவருடைய போன்.

வாத்தியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "யாருங்க கொண்டுவந்து குடுத்தது? வீட்லேருந்து வந்தாங்களா?"

"வீட்லேருந்தா? பக்கத்து ரூம் அம்மா சார். வீட்டுக்குப் போற சீட்டு கையில இருந்தும், உங்களை இங்க அனுப்புறதைப் பாத்துட்டு வண்டியிலேருந்து இறங்கிப் போய், 'இப்ப விடுதிக்கு அனுப்பினது என் புருஷன்தான், நானும் பொய்க் கையெழுத்துதான் போட்டேன்'னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காங்க," என்றார் காவல்காரர். "நடுவுல ஒரு சுவர் இருக்காம். இந்த இடைவெளி போதுமான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."